பேர் எழுதாத நாலு பலகை

பெலார்மினோ கார் லிஃப்ட் வாங்கிய கூத்தைக் கேட்டு எஸ்பன்யோலா ஊரே மூன்று நாள் சிரித்தது. நானும் சிரித்தேன், ஒளிப்பானேன். அவர் மகளுக்கு ஞானஸ்நானத்தில் நான்தான் ஞானத்தாய். அந்த உறவில் அவர் எனக்குக் கொம்பாத்ரே, நான் அவருக்குக் கொமாத்ரே. சண்டை போட்டாலும் மரியாதை குறையக் கூடாத உறவு அது. ஆனால் சிரிக்கக் கூடாதென்று எந்தச் சாமியாரும் சொல்லவில்லை.

மனிதர் முப்பத்தோரு வருஷம் மாவட்டத்துச் சாலை போடும் வண்டி ஓட்டினார். சாயங்காலமானால் வீட்டு ஷெட்டில் மல்லாக்கப் படுத்து ஊரார் காரையெல்லாம் அழகுக்காகத் தரையை ஒட்டத் தாழ்த்திக் கொடுப்பார். எங்கள் பள்ளத்தாக்கில் சிகரெட் பெட்டியை நிமிர்த்தி வைத்தால் காரின் அடியில் நுழையக் கூடாது. நுழைந்தால் அது கார் இல்லை, லாரி. பொத்தானை அமுக்கினால் ஏறி இறங்கும் பம்பு வைத்த கார்கள் இவருக்கு ஆகவே ஆகாது. "தாழ்ந்தா தாழ்ந்தே கெடக்கணும். நெனச்சா ஏறி நெனச்சா எறங்கறதுக்கு அது என்ன குரங்கா?" என்பார். ஸ்பிரிங்கை அறுத்தால் அறுத்ததுதான். அப்படி இவர் கை பட்ட கார்கள் ஊருக்குள் நாற்பதுக்குக் குறையாது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது முதுகும் கூடவே ஓய்வு பெற்றுவிட்டது. படுத்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். அதனால்தான் லிஃப்ட். இரண்டு தூண், ஒவ்வொரு தூணிலும் இரண்டு இரும்புக் கை. காரை நடுவில் நிறுத்தி, கைகளைத் திருப்பி அடியில் கொடுத்து, பொத்தானை அமுக்கினால் கார் தலைக்கு மேலே போகும். மனிதர் கூரை உயரம் அளந்தார். தரையில் துளை போட்டு சிமெண்ட் கனம் பார்த்தார். மின்சாரத்துக்குத் தனி வயர் இழுத்தார். ஒரு சனிக்கிழமை ஊரைக் கூப்பிட்டார். நான் பெரிய பாத்திரம் நிறையப் போசோலே என்கிற சோள இறைச்சிக் குழம்பு காய்ச்சி, சிவப்பு மிளகாய்ச் சாறு ஊற்றிக் கொண்டுபோனேன்.

முதலில் ஃபெர்மினின் இம்பாலா கார் ஏற வந்தது. தூண்களுக்கு நடுவே நிறுத்தினான். பெலார்மினோ இரும்புக் கையைத் திருப்பினார். டங்கென்று காரின் விளிம்பில் இடித்து நின்றது. கை தரையிலிருந்து நாலு அங்குலம், காரோ மூன்று அங்குலம். கை எப்படி நுழையும்? அடுத்த கார் வந்தது. டங். அதற்கடுத்தது. டங். ஆறு கார் வந்தது, ஆறும் டங். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், இங்கே யானை குப்புறவே விழுந்துவிட்டது. ஊர்க் காரையெல்லாம் தாழ்த்திவிட்ட மனிதர், எல்லாவற்றையும் அளந்துவிட்டு அதை மட்டும் அளக்கவில்லை.

"தாழ்த்துனது யாரு?" என்று கேட்டான் ஃபெர்மின்.

"வாய மூடிட்டு போசோலே சாப்பிடு," என்றார் இவர்.

கடைசியில் நான் பள்ளிக்கூடச் சமையலறைக்கு ஓட்டிப்போகும் பழைய டெம்போ மட்டும்தான் அந்த லிஃப்டில் ஏறியது. அதற்கு ஒரு பழுதும் இல்லை. ஆனாலும் மரியாதைக்காக ஏற்றி, எல்லாரும் கை தட்டி, இறக்கினோம்.

மனிதர் மூன்று நாள் வெளியே தலை காட்டவில்லை. நாலாம் நாள் ரம்பச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் பலகை அறுத்துக்கொண்டிருக்கிறார். யோசனை எளிதுதான். ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் ஒரு பலகை, முனையைச் சாய்வாகச் சீவியது. காரை ஒரு முழம் முன்னே நகர்த்தினால் நாலு சக்கரமும் ஒரே நேரத்தில் பலகை மேல் ஏறும். கார் மூன்று அங்குலம் உயரும். இப்போது இரும்புக் கை உள்ளே போகும். சொல்வதற்குத்தான் எளிது. சாய்வு கொஞ்சம் செங்குத்தாகிப் போனாலும் காரின் முகவாய் உரசும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலுள்ள தூரம் காருக்குக் கார் மாறும். முன்னது ஏறிப் பின்னது ஏறாவிட்டால் வயிறு தட்டும். அதனால் காருக்கு ஒரு செட் என்று தனித்தனியாகச் செய்தார். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயிண்டால் பேர் எழுதினார். ஃபெர்மின். ஒனேசிமோ. டெக்லா. பத்துப் பேருக்கு நாற்பது பலகை, சுவரோரம் சீராக அடுக்கியிருக்கும். சிரித்த ஊர் வரிசையில் வந்து நின்றது.

ஒருநாள் அவருக்குக் காப்பி கொண்டுபோனேன். அலமாரிக்குப் பின்னால், சாக்கு போட்டு மூடி, இன்னும் நாலு பலகை. மற்றதெல்லாம் இரண்டு அடுக்கு, இது மூன்று அடுக்கு. சாய்வு இரண்டு மடங்கு நீளம். இழைத்து, மெருகு எண்ணெய் போட்டு, தடவினால் கை வழுக்குகிறது. பேர் இல்லை.

"இது யாருக்கு கொம்பாத்ரே?"

"சும்மா. மிச்ச மரம்."

மிச்ச மரத்துக்கு எவனாவது மெருகு எண்ணெய் போடுவானா? யாருக்கென்று எனக்குத் தெரியும். பதினோரு வருஷமாக இந்த வாசலுக்கு வராத காருக்கு. அவர் மகள் செனாய்தாவின் காருக்கு.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

அது முதலில் அவர் மனைவி ஒரலியாவின் கார். திராட்சை நிற மான்டி கார்லோ. ஒரலியா குள்ளம். இருக்கையில் மெத்தை போட்டு உட்கார்ந்தால்தான் சாலை தெரியும். ஊர்க் காரையெல்லாம் தாழ்த்திய புருஷன் மனைவி காரை மட்டும் தொடவில்லை. ஒரலியா ஒரு ஜனவரியில் போய்ச் சேர்ந்தாள். ஒன்றரை மாதம் கழித்து, அப்பா வேலைக்குப் போன நேரம், செனாய்தா அந்தக் காரை ஜாக்கியில் நிறுத்தி நாலு ஸ்பிரிங்கையும் அறுத்துவிட்டாள். அவளுக்கு அப்போது இருபத்து நாலு வயது. சாயங்காலம் மனிதர் வந்து பார்க்கிறார், மனைவியின் கார் வயிறு தரையில் படப் படுத்துக் கிடக்கிறது.

நான் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் கேட்டது.

"உங்கம்மா ஒக்காந்த காருடி அது!"

"அம்மாதான் அறுக்கச் சொன்னாங்க."

"செத்தவ மேல பொய் சொல்லாத!"

அந்த ஒரு வார்த்தைதான். அடித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். வாரம் முழுக்க ஒருவருக்கொருவர் பேசவில்லை. பெரிய வெள்ளியிலும் ஈஸ்டரிலும் ஊர்க் கார்களெல்லாம் நதியோரச் சாலையில் வரிசையாக மெதுவாகப் போகுமே, அந்தப் பெரிய வெள்ளி வரிசைக்கு அவள் அந்தக் காரை எடுத்துக்கொண்டு போனாள். போன நேரம் பார்த்து இந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? வாசலில் வாய்க்கால் குழாய்க்கு மேலே வண்டி கடக்கும் இடம் உண்டு. அதன் மேல் களிமண்ணும் சரளையும் கொட்டி, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி, ஒன்றரைச் சாண் உயரத்துக்கு மேடு கட்டினார். தாழ்ந்த கார் உள்ளே வரக் கூடாதாம். ஊரைத் தாழ்த்தியவர் பெற்ற பெண்ணுக்கு மேடு கட்டினார்.

அவள் திரும்பி வந்தபோது எனக்கு முதலில் கேட்டது அந்தச் சத்தம். இரும்பு கல்லில் அறைபடும் சத்தம். கார் வயிறு மேட்டில் மாட்டி, முன் சக்கரம் அந்தரத்தில் நின்றது. அவள் இறங்கவில்லை. மேட்டைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், கிறீச்சிடப் பின்னால் எடுத்தாள். அன்றைக்கு என் வீட்டில் படுத்தாள். மறுநாள் கொலராடோ பக்கம் பியூப்லோ போனவள்தான்.

அதற்கப்புறம் அந்த மேட்டை எத்தனை தடவை எடுக்கச் சொல்லியிருப்பேன்! வாய்க்கால் பார்க்கிற பொறுப்பு என்னுடையது. ஒவ்வொரு வசந்தத்திலும் வாய்க்கால் தூர் வாரும்போது அவர் வாசலில் நின்று சொல்வேன். "அவ வந்து கேக்கட்டும், எடுக்கறேன்" என்பார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். மகளும் லேசுப்பட்டவள் இல்லை, அதே ரோஷம், அதே பிடிவாதம். ஊர்க் கார்களெல்லாம் என் குதிரைமசால் தீவன வயல் ஓரமாகச் சுற்றி, பின்பக்கமாக அவர் ஷெட்டுக்கு வந்துபோகும். வாசல் வழி சும்மா கிடந்தது.

ஆனால் மனிதர் உள்ளுக்குள் எப்படித் தவித்தார் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் காப்பிக் கோப்பையோடு அந்த மேட்டின் மேல் போய் நிற்பார். சாலையில் ஒரு வண்டிச் சத்தம் கேட்டால் தலை சாயும். சைலன்சர் சத்தத்தை வைத்தே யார் காரென்று சொல்லிவிடுவார். அது இல்லையென்று தெரிந்ததும் ஒரு மடக்குக் குடிப்பார். மகள் பேரை வாயில் எடுக்க மாட்டார். என்னிடம் வாராவாரம் ஒரே கேள்விதான்.

"பியூப்லோவுல பனி பெய்யுதாமா கொமாத்ரே?"

ஜூலை மாதத்திலும் கேட்பார். நான் அவளோடு போனில் பேசுவேன் என்று அவருக்குத் தெரியும். "பெய்யலையாம். நல்லாத்தான் இருக்காம்" என்பேன். அந்த 'நல்லாத்தான் இருக்காம்' எதைப் பற்றியது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டுவார். பாவி மனிதர்.

இந்தத் தவக்காலத்தில் அவள் போன் செய்தாள். ஞானத்தாயை நாங்கள் நீனா என்போம்.

"கியர்பாக்ஸ்ல எண்ணெய் ஒழுகுது நீனா. இங்க எந்த ஒர்க்‌ஷாப் லிஃப்ட்லயும் என் கார் ஏற மாட்டேங்குது. வேற ஸ்பிரிங் போட்டு ஒசத்திட்டு வான்னு சொல்றானுங்க. அம்மா கார நான் ஒசத்த மாட்டேன்."

நான் வாய் திறக்கக் கூடாதென்றுதான் நினைத்தேன். என் வாய் என்றைக்கு என் பேச்சைக் கேட்டிருக்கிறது? லிஃப்ட் வாங்கியது, டங் டங்கென்று இடித்தது, பலகை, பேர் எல்லாம் சொன்னேன். அவள் சிரித்தாள். பிறகு அலமாரிக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடியதைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"எத்தன அடுக்கு?"

"மூணு."

அந்தப் பக்கம் அவள் முணுமுணுத்து அங்குலக் கணக்குப் போட்டாள்.

"மூணு அடுக்கு சரியா இருக்கும்," என்றாள். பிறகு, "பெரிய வியாழன் வர்றேன்னு சொல்லுங்க. ஆனா வாசல் வழியாத்தான் வருவேன். பின்னாடி சுத்தி வர நான் ஒண்ணும் அவருக்கு வாடிக்கைக்காரி இல்ல. அந்த வீட்டுப் பொண்ணு."

ஓடிப்போய்ச் சொன்னேன். மனிதர் சுத்தியலைக் கீழே வைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, "பியூப்லோவுல பனியா?" என்றார். எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. அடுத்த நிமிஷம் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடி முன்னால் போய் நின்றேன்.

"ஒரு அடி கூடப் போடக் கூடாது!"

"நீங்கதான் பதினோரு வருஷமா எடுக்கச் சொன்னீங்க."

"அப்ப தண்ணி இல்ல. இப்ப வாய்க்கால்ல முதல் தண்ணி போகுது. கீழ கெடக்கிறது எங்கப்பா காலத்துத் தகரக் குழாய். கடப்பாரை எறங்குனா குழாய் ஒடையும். கீழ பதினாறு வீட்டு வயல் காயும்."

"ஒரு நாள் தண்ணிய நிறுத்துங்க கொமாத்ரே. உங்க கையிலதான இருக்கு."

இருந்தது. என் ஞானமகள் பதினோரு வருஷம் கழித்து வருகிறாள். மடையை இறக்க எனக்கு ஐந்து நிமிஷம் போதும். ஆனால் முதல் தண்ணீருக்குக் காத்திருக்கிற பதினாறு வீட்டுக்கு நான் என்ன சொல்வேன்? எனக்கு வேண்டியவர்களுக்காக நிறுத்தினால் நாளைக்கு எவனும் என் பேச்சைக் கேட்க மாட்டான். தண்ணீர் விஷயத்தில் தாய் பிள்ளை கிடையாது.

"முடியாது," என்றேன். சொல்லும்போது என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் மேட்டின் ஓரத்தில், குழாய் படாத இடத்தில், ஒரு போடு போட்டுப் பார்த்தார். கடப்பாரை துள்ளித் திரும்பியது. மண் ஒரு பொட்டுக்கூடப் பெயரவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர்.

"ரோடு மாதிரி கட்டிட்டேன் கொமாத்ரே."

"ரோடு போடறவர் வேற எப்படிக் கட்டுவீங்க?" என்று சொல்லிவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். தன் வினை தன்னைச் சுடும் என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. சொல்லவில்லை. ஏற்கெனவே சுட்டுக்கொண்டுதான் இருந்தது.

பெரிய வியாழன் காலை பத்து மணி. நான் அவர் வாசலில்தான் நின்றேன், போகச் சொன்னாலும் போயிருக்க மாட்டேன். நான் ஒன்றும் கேட்பதற்கு முன்னாலேயே அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். அவருக்குக் கேட்டுவிட்டது. பிறகுதான் எனக்கும் அந்த இன்ஜின் முனகல் கேட்டது. திராட்சை நிறக் கார் சாலை திரும்பி, தரையை ஒட்டி ஊர்ந்து வந்து, மேட்டுக்குப் பத்தடி முன்னால் நின்றது.

இன்ஜினை அணைக்கவில்லை. கதவும் திறக்கவில்லை. கண்ணாடி மட்டும் இறங்கியது. என் ஞானமகளுக்குத் தலை முன்பக்கம் நரைத்திருந்தது. முப்பத்தைந்து வயதில் என்ன நரை?

"மேடு அப்படியேதான் இருக்கு," என்றாள்.

"இருக்கு," என்றார்.

"பின்னாடி வழியா வான்னு சொல்லப் போறீங்களா?"

"இல்ல."

அவ்வளவுதான். சொல்லிவிட்டுத் திரும்பி விறுவிறுவென்று ஷெட்டுக்குள் போய்விட்டார். அட கிறுக்கு மனிதா, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக் கூடாதா! அவள் முகம் இறுகியது. கியர் பின்னால் விழுகிற சத்தம் எனக்குக் கேட்டது. இந்த வயதில் நான் அப்படி ஓடியதில்லை. சுற்றிக்கொண்டு போய்க் காருக்குப் பின்னால் நின்று டிக்கி மேல் இரண்டு தட்டுத் தட்டினேன்.

"அடியே, பின்னாடி உன் ஞானத்தாய் நிக்கிறேன்! முடிஞ்சா ஏத்திட்டுப் போ!"

"தள்ளுங்க நீனா!"

"தள்ள மாட்டேன்!"

நாங்கள் கத்திக்கொண்டிருக்கும்போதே அவர் வெளியே வந்தார். மார்போடு அணைத்தபடி நாலு பலகை. மேட்டின் அடிவாரத்தில் இரண்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், சக்கரம் போகும் தடத்தில் போட்டார். திரும்பிப் போய் இன்னும் நாலு. முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார், மறுபடி போனார். மேட்டை இறக்க முடியாது. சரி, காரை ஏற்றலாம். ஷெட்டுக்குள் லிஃப்டுக்குச் செய்கிற அதே வேலையை வாசலில் செய்கிறார். எனக்கே அப்போதுதான் புரிந்தது.

செனாய்தா கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பலகை மேல் எழுதியிருந்த பேரெல்லாம் அவளைப் பார்த்தபடி இருந்தன. "ஃபெர்மின்," என்று வாய்க்குள் படித்தாள். "ஒனேசிமோ. டெக்லாவுமா?" மூன்றாவது நடையில் அவர் நிமிர முடியாமல் ஷெட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் இன்ஜினை அணைத்தாள். இறங்கினாள். மேட்டைத் தாண்டி நடந்து, அவரைத் தாண்டி, ஷெட்டுக்குள் போய் நாலு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

இவர் போட, அவள் கொண்டுவர, நாற்பது பலகையும் மேட்டின் மேல் ஏறி இறங்கி இரண்டு தடமாகக் கிடந்தன. அலமாரிக்குப் பின்னாலிருந்த நாலு மட்டும் உள்ளேயே இருந்தது. அவள் காரில் ஏறினாள். இவர் என்ன செய்தார் தெரியுமா, அந்த முதுகோடு, மேட்டு மண்ணில் குப்புறப் படுத்துக் கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டார். கார் வயிற்றுக்கும் மண்ணுக்கும் இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க.

"வா. மெதுவா. வா. எடது பக்கம் கொஞ்சம். வா."

முன் சக்கரம் ஏறியது, உச்சியைத் தாண்டியது. வயிறு மேட்டுக்கு நேரே வந்தது. அன்றைக்கு மாட்டிய அதே இடம். நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

"வா. வா. ஒரசல! ஒரசவே இல்ல, வா!"

பதினோரு வருஷத்துக்கப்புறம் அந்தக் கார் வாசலுக்குள் இறங்கியது. எழுப்பிவிட என் கையைப் பிடித்தார்.

ஷெட்டில் தூண்களுக்கு நடுவே காரை நிறுத்தினாள். சாக்கை விலக்கி அந்த மெருகு போட்ட நாலு பலகையையும் எடுத்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் வைத்தார். அளவு நாடாவைத் தொடவே இல்லை. ஒரலியாவின் காரில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் எவ்வளவு தூரம் என்று அவருக்கு மனப்பாடம்.

"ஒரு முழம் நகர்த்து. போதும்."

நாலு சக்கரமும் ஒரே மூச்சில் ஏறின. இரும்புக் கையைத் திருப்பினார். நான் டங்கை எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தமே இல்லை. திறந்து பார்த்தால் கை உள்ளே போயிருக்கிறது, மேலே இரண்டு விரல் இடம்.

செனாய்தா இறங்கிக் குனிந்து அந்த இரண்டு விரல் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கார் எவ்ளோ தாழ்ந்திருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க ஒரு வாரந்தான பாத்தீங்க."

அவர் சுவரைக் காட்டினார். ஆணியில் ஸ்பிரிங்கின் அறுத்த துண்டுகள் நாலு தொங்கின. துருவில்லாமல் துடைத்து வைத்திருந்தார். "நீ அறுத்துப் போட்டுட்டுப் போனது. முன்னாடி ஒண்ணரைச் சுத்து, பின்னாடி ரெண்டு. கணக்குப் போட்டேன்." ஒரு துண்டைத் தடவி, "சுத்தமாத்தான் அறுத்திருக்க," என்றார்.

பொத்தானை அமுக்கினார். கார் மேலே போயிற்று. அம்மாடி, அடிப்பக்கம் முழுக்க குரோம். ஒவ்வொரு கம்பியும் ஒவ்வொரு தகடும் முகம் பார்க்கலாம் போல மின்னியது. அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார். நடுவில் ஒரு குறுக்குச் சட்டத்தில் நின்றார். ஒரு முழ நீளத்துக்குக் கோரமான கீறல், நசுங்கல், பழைய துரு. அதில் மட்டும் குரோம் இல்லை.

"இத ஏன் விட்டுட்ட?"

"அது நம்ம வீட்டு வாசல்ல பட்டது," என்றாள். "வேற எதுவும் எங்கிட்ட இல்லயே."

அவர் அந்தக் கீறல் மேல் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை. கையை வைத்தபடியே, அவளைப் பார்க்காமல் கேட்டார்.

"உங்கம்மா நெசமாவே சொன்னாளா?"

"ஆமாப்பா. ஆஸ்பத்திரில. ஒரே ஒரு தடவ அந்த வரிசையில தாழ ஒக்காந்து மெதுவாப் போகணும்னாங்க. ஊர்க் காரெல்லாம் தாழ்த்தறாரு, எங்கார மட்டும் தொட மாட்டேங்கறாருன்னாங்க."

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டாங்களாமே. ரெண்டு தடவ. உனக்கு இடுப்பு வலிக்கும், சும்மா இருன்னு சொன்னீங்களாம்."

மனிதருக்கு ஞாபகம் வந்துவிட்டது. முகத்தில் அது வருவதை நான் பார்த்தேன், பார்த்திருக்க வேண்டாம் என்றிருந்தது. "சொன்னேன்," என்றார். "சிரிச்சுக்கிட்டே சொன்னேன்." பிறகு வாய்விட்டு அழுதார். செனாய்தா லிஃப்டுக்கு அடியில் அவரைக் கட்டிக்கொண்டாள். நான் கியர்பாக்ஸிலிருந்து எண்ணெய் சொட்டுகிறதே என்று ஒரு தகரத்தைத் தேடி வைத்தேன். என் மூக்கும் ஒழுகிக்கொண்டிருந்தது.

வெள்ளியும் சனியும் இரண்டு பேரும் ஷெட்டை விட்டு வரவில்லை. எண்ணெய் ஒழுகுவது நின்றது. சனிக்கிழமை நான் டமாலே என்கிற சோள மாவுக் கொழுக்கட்டை கொண்டுபோனபோது அந்த நாலு பலகையிலும் வெள்ளைப் பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்தது. செனாய்தா என்று எழுதியிருப்பாள் என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். நாலிலும் ஒரலியா என்று இருந்தது.

ஈஸ்டர் ஞாயிறு பூசை முடிந்து நதியோரச் சாலை வரிசைக்குக் கிளம்பினோம். அவருக்கு அந்தக் காரில் உட்காருவது லேசில்லை. நான் தோளைப் பிடிக்க, அவள் காலைத் தூக்கி வைக்க, ஒரு வழியாக இறங்கி உட்கார்ந்தார். இருக்கையில் ஒரலியாவின் பழைய மெத்தை கிடந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் முழங்கால் முகவாயில் இடிக்கப் பின்னால் உட்கார்ந்தேன். வாசலில் நாற்பது பலகையும் போட்டபடியே இருந்தன. ஐப்பசியில் தண்ணீர் நின்றதும் முதல் கடப்பாரை நான்தான் போடுவேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மேட்டின் மேல் ஏறும்போது கார் லேசாகக் குலுங்கியது. அவர் பல்லைக் கடித்தார்.

"முதுகு வலிக்குதாப்பா?"

"வலிக்குது மிஹா," என்றார். மகளே என்று அவர் அவளைக் கூப்பிட்டுப் பதினோரு வருஷம். மெத்தையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நீ மெதுவாப் போ. அவ கேட்ட மாதிரி போ."